கண்ணகி ஏறிய மலைக்கு அம்மா ஏறும் ஜீப்

கேள்வி: அக்கா, நான் தேனி மாவட்டம் கூடலூர்க்காரி. பி.ஏ. தமிழ் இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன சித்திரா பௌர்ணமிக்கு அம்மாவோடும், அம்மாவோடு ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களோடும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து போனேன். வந்ததும் சிலப்பதிகாரம், அந்தப் பயணம், தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கை மூன்றையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் ஆசிரியர் படித்துவிட்டு, இலக்கியம் என்றால் இலக்கியம், பயணம் என்றால் பயணம், இப்படிக் கலந்தடித்தால் எதிலும் சேராது என்கிறார். குமுளியில் இருக்கும் என் மலையாளத் தோழிக்கு, கோயில் எங்களுடையதுதான் என்று நான் நிரூபித்திருக்கும் பகுதி பிடிக்கவில்லை. அம்மாவோ, "என்னையப் பத்தி ஒண்ணும் எழுதிராத, வேலை போயிரும்" என்கிறார். எழுதவா, விடவா? சொந்தப் பெயரில் எழுதலாமா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

பதில்:

எழுது. அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நானும் நீ என்றே எழுதுகிறேன். பதிப்பகத்தில் உட்கார்ந்து பிறர் எழுத்தைத் திருத்துவதுதான் என் வேலை. கட்டுரையையும் அந்த வேலையைச் செய்கிறவளாகவே, நிதானமாகப் படித்தேன். முதலில் ஒரு காரியம் செய். ஆரம்பத்தில் இருக்கிற ஒன்றரைப் பக்கத்தை அப்படியே எடுத்துவிடு. "கற்புக்கரசி கண்ணகியின் காற்சிலம்பொலி காலங்கள் கடந்தும் கேட்கிறது" என்று தொடங்கி, மலை வளம், தமிழ் வளம் என்று போகிறதே, அது உன்னுடையது இல்லை. பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த தமிழ் அது, உனக்கு மட்டுமில்லை, நம் எல்லோருக்கும் அது கையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உன் கட்டுரை உண்மையில் தொடங்குவது மூன்றாம் பக்கத்தில்: "பளியங்குடி தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மேட்டில் அவருக்கு அப்படித்தான் நடக்க வரும், தோட்டத்துப் பழக்கம்." இந்த இரண்டு வாக்கியத்தில் இலக்கியம் இருக்கிறது, பயணம் இருக்கிறது, சமூகமும் இருக்கிறது. நீ மூன்றையும் தேடி வேறெங்கோ போயிருக்க வேண்டாம்.

சரி, உன் ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். பரீட்சைத் தாளுக்கு அவர் சொல்வது சரி. பத்து மதிப்பெண் கேள்விக்கு நீ ஜீப் கதை எழுத முடியாது. ஆனால் அதை எல்லா எழுத்துக்கும் சட்டமாக வைத்தால் சிலப்பதிகாரமே தேறாது. முப்பது காதையில் எத்தனை காதை நடையிலேயே போகிறது என்று எண்ணிப் பார். நாடுகாண் காதை, காடுகாண் காதை, புறஞ்சேரி இறுத்த காதை, ஊர்காண் காதை, பெயர்களிலேயே வழி இருக்கிறது. நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் புறப்படும் முன் வழியைப் பற்றிச் சொல்கிற இடத்தை மறுபடியும் படி, ஆனால் இந்தத் தடவை உரைச் சுருக்கத்தை மூடி வைத்துவிட்டு மூலத்தைப் படி. தோப்பு வழியாகப் போகலாம் என்றால், கிழங்கு தோண்டிய குழியைச் சண்பகப்பூ விழுந்து மூடியிருக்கும், தரை என்று நினைத்துக் காலை வைத்தால் உள்ளே போய்விடும். கீழே கிடக்கிற பூவை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தால் தலைமட்டத்தில் தொங்கும் பழம் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் அடர்ந்து கிடக்கிற பாத்திக்குள் போனால் பலாக்கொட்டை பருக்கைக் கல் மாதிரி உள்ளங்காலை உறுத்தும். வயல் வழியும் அப்படித்தான், வரப்போரத்து நண்டையும் நத்தையையும் தெரியாமல் மிதித்துவிட்டால் அந்தப் பாவத்தைத் தாங்க முடியாது என்கிறார் அந்தச் சமணத் துறவி.

இப்போது சொல், இது என்ன வகை? காப்பியமா, பயணக் குறிப்பா, அந்தக் காலத்து விவசாயமா, சமண நெறியா? இளங்கோவுக்கு அப்படி ஒரு கேள்வியே எழவில்லை. மஞ்சளும் இஞ்சியும் பலாவும் ஒன்றாக நிற்கிற தோட்டத்தைக் குமுளிப் பக்கம் நீ நித்தம் பார்க்கிறவள், சென்னையில் இருந்து படிக்கிறவருக்கு அடிக்குறிப்பு தேவைப்படும் இடத்தில் உனக்குக் கால் கூசும். அதுதான் உன் கையில் இருக்கிற சொத்து. அதை விட்டுவிட்டு, எல்லோரும் எழுதிய கற்பு, நீதி, ஊழ்வினை என்கிற மூன்றையே நீயும் எழுதியிருக்கிறாய்.

அதே காதையில் இன்னொரு இடம். புகாரை விட்டுக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பார்கள், அதற்குள் கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது, "மதுரை மூதூர் யாது" என்று கேட்கிறாள். கோவலன், ஆறைங்காதம்தான், பக்கம்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். ஆறைந்து முப்பது காதம். வீட்டை விட்டு வெளியே வந்திராத ஒரு பெண்ணின் அறியாமை, அதற்குக் காரணமானவனின் குற்ற உணர்ச்சி, அவன் சிரிப்புக்குள் இருக்கும் அழுகை, எல்லாம் ஒரு கேள்வி, ஒரு பதிலில் முடிந்துவிட்டது. எங்கும் "ஐயோ பாவம்" என்று ஒரு சொல் இல்லை. உன் கட்டுரையில் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய பகுதியில் "அவலம்" என்ற சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கிறாய். அதையெல்லாம் எடு. விடியுமுன் அடுப்பு மூட்டி, சோற்றைத் தூக்குவாளியில் அடைத்து, இருட்டில் ஜீப்புக்கு நிற்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய், அது போதும். படிக்கிறவனுக்குத் தானாகவே விளங்கும்.

நமக்கு இந்த வழி புதிதும் இல்லை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. போய்வந்தவன் போகிறவனுக்கு வழி சொல்வதுதான் அந்தப் பாட்டுகளின் கட்டு. மலைபடுகடாம் 583 அடி, அதில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், எப்படி ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் வருகிறது. அதே மூச்சில் பாட்டுடைத் தலைவன் நன்னனின் புகழும் வருகிறது, மலைச்சனங்களின் சாப்பாடும் வருகிறது. உன் ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதே, இந்த நூலைப் பற்றி அவரிடமே கேள். பாடம் நடத்துகிறவர்களுக்கு யாராவது வந்து பாடத்துக்கு வெளியே கேட்டால் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று, அவர் எரிச்சல்பட்டதில் நியாயமும் இருக்கிறது. நீ மூன்றையும் கலக்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாய். நாலு பத்தி சிலம்பு, நாலு பத்தி மலை, நாலு பத்தி தோட்டம். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது "இது இவ்வாறிருக்க" என்று ஒரு பாலம். மூன்றும் தாமாகவே சேருகிற இடம் எது என்று நீ தேடவில்லை. அது நீ எழுதாமல் விட்ட, சிலம்பின் மூன்றாம் காண்டமான வஞ்சிக்காண்டத்தில் இருக்கிறது.

காட்சிக் காதையை எடு. சேர மன்னன் செங்குட்டுவன் மலைவளம் பார்க்க வந்து பேரியாற்றங்கரை மணலில் தங்கியிருக்கிறான். அந்தப் பேரியாற்றை இன்றைய பெரியாறு என்றுதான் பலரும் கொள்கிறார்கள். மலைச்சனங்கள் தலையில் சுமையோடு வருகிறார்கள். யானைத் தந்தம், அகில், தேன்குடம், சந்தனக்கட்டை என்று பட்டியல் நீள்கிறது. நடுவில் ஒரு வரி: "ஏல வல்லியும் இருங்கறி வல்லியும்." ஏலமும் மிளகும். உன் அம்மா எந்த மலைக்குக் காய் எடுக்கப் போகிறாரோ, அந்த மலைத்தொடரில் இருந்து இதே சரக்கு அன்றைக்கே அரசனுக்குப் போயிருக்கிறது. சுமந்து வந்தவர்கள் எப்படி நின்றார்கள் என்றும் இளங்கோ சொல்கிறார். அரசனைப் பார்க்க நேரம் கிடைக்காமல் திறையைச் சுமந்துகொண்டு நிற்கிற பகைவர்களைப் போல நின்றார்களாம். பொருளின் பெயரெல்லாம் பாட்டில் இருக்கிறது, சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. கண்ணகி வேங்கை மரத்தடியில் நின்றதைச் சொன்னதும் அவர்கள்தான், நூலின் முகப்பில் வரும் பதிகத்திலும் குன்றக் குறவர்தான் வந்து சொல்கிறார்கள். அவர்கள் வாய் திறந்திருக்காவிட்டால் வஞ்சிக்காண்டம் எங்கிருந்து வரும்? உன் அம்மாவும் அவர் கூட்டாளிகளும் கோயிலுக்கு ஏறும்போது கண்ணகியைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதைக் கேட்டு எழுது. எனக்கு உன் கட்டுரையில் தெரிய வேண்டியது அதுதான்.

இன்னொரு சேதியும் உன் ஊருக்குள்ளேயே கிடக்கிறது. மதுரையை எரித்த பின் கண்ணகி வையைக் கரை பிடித்துத்தான் மேற்கே நடக்கிறாள். செங்குட்டுவன் இருப்பது பேரியாற்றங்கரையில். மதுரைக்காண்டத்து ஆறும் வஞ்சிக்காண்டத்து ஆறும் வேறு வேறு, ஒன்று கிழக்கே ஓடுகிறது, மற்றது மேற்கே ஓடுகிறது. 1895-இல் பென்னிகுயிக் கட்டிய அணை வந்த பிறகு பெரியாற்றுத் தண்ணீர் தேக்கடிச் சுரங்க வழியாக மலையைத் தாண்டி, லோயர் கேம்ப் பக்கம் இறங்கி, உங்கள் கூடலூர் வயலுக்குப் பாய்ந்து, கடைசியில் வைகையோடு சேர்கிறது. காப்பியத்தில் சேராத இரண்டு ஆறு உன் வீட்டுப் பக்கம் ஒன்றாக ஓடுகிறது. இதை எழுத நீ எந்த நூலகத்துக்கும் போக வேண்டியதில்லை, காலையில் வாய்க்கால் கரையில் போய் நின்றால் போதும்.

உன் தோழிக்குப் பிடிக்கவில்லை என்றாயே, அவளைக் கட்டுரையின் முதல் வாசகி என்று வைத்துக்கொள். அந்த நிரூபணப் பகுதிதான் இருப்பதிலேயே பலவீனமானது. கண்ணகி ஏறியதாகச் சிலம்பு சொல்லும் நெடுவேள் குன்றம் எது என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை, திருச்செங்கோடு என்று கொண்டவர்கள் உண்டு. புகாரில் இருந்து கண்ணகி வந்த வழியை ஆராய்ந்து உங்கள் மலைக் கோயில்தான் என்று 1960-களில் நிறுவியவர் சி. கோவிந்தராசனார். சேரர் தலைநகரான வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்கிற வழக்கும் தீரவில்லை. கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகி என்று கும்பிடுகிறவர்கள் அங்கே ஏராளம். இதையெல்லாம் இரண்டாம் வருட மாணவி மூன்று பத்தியில் முடித்துவைக்க வேண்டியதில்லை. "இப்படிச் சொல்கிறார்கள், அப்படியும் சொல்கிறார்கள், எங்கள் ஊர் ஜனம் இந்த மலைக்குத்தான் ஏறுகிறது" என்று எழுதினால் அதை ஒருவரும் மறுக்க முடியாது, நீ கண்ணால் பார்த்தது அது.

உரிமைச் சண்டையில் நீ கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. ஏற்றம் தொடங்குவது பளியங்குடியில். பளியர் பழங்குடியினர் அந்தக் காட்டில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள்! கட்டுரையில் அந்த ஊர் ஜீப் நிறுத்தும் இடமாக மட்டும்தான் வருகிறது. இடுக்கிப் பக்கம் கோவில்மலையில் மன்னான் பழங்குடி மக்கள் ஆடுகிற மன்னான் கூத்து, கோவலன் கண்ணகி கதையைத்தான் சொல்கிறது. எல்லைக்கோடு 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது இறுகியது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கதைக்கு அந்தக் கோடு தெரியாது. குறவர்கள் செங்குட்டுவனிடம் கண்ணகியைப் பற்றிக் கேட்கிற கேள்வி உனக்கு நினைவிருக்கும்: "எந்நாட்டாள்கொல் யார்மகள் கொல்லோ." அவர்கள் மலையில் வந்து நின்ற ஒரு வேற்றூர்ப் பெண்ணைப் பார்த்து, எந்த நாட்டுக்காரி, யார் பெற்ற பிள்ளை என்று கலங்கினார்கள். நீ விடை எழுதுவதற்குப் பதிலாக இந்தக் கேள்வியைக் கட்டுரைக்குள் கொண்டுவா, ஏனென்றால் உன் அம்மாவை நோக்கியும் இதே கேள்வி ஒரு காலத்தில் மிரட்டலாக எழுந்திருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியபோது குமுளிப் பாதை அடைபட்டு, தோட்ட வேலைக்குப் போனவர்கள் அவசரமாக இறங்கி வந்ததும், வேலையில்லாமல் வீட்டில் கிடந்ததும் உனக்கு ஞாபகம் இருக்காது, சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாய். அம்மாவிடம் கேள். அப்போது அடைக்கலம் கொடுத்த மலையாளக் குடும்பங்களைப் பற்றிச் சொல்கிறாரா, அதையும் கேள். அடுத்த சித்திராபௌர்ணமிக்கு உன் தோழியைக் குமுளி வழியாக ஜீப்பில் வரச் சொல், நீ பளியங்குடி வழியாக ஏறு, மேலே பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்தில் அந்த ஒரு பகல்தான் வனத்துறை விடுகிறது, இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்துதான் ஏற்பாடு செய்கின்றன. ஒரே நாளை இரண்டு பக்கத்தில் இருந்து ஆளுக்கொரு கட்டுரை எழுதினால் நான் வாங்கிப் படிப்பேன்.

அம்மா சொன்னதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் அதற்குச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். மகள் என்பதற்காக அவர் வாழ்க்கையை அனுமதியில்லாமல் எடுத்துப் போட உனக்கு உரிமை கிடையாது. எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும் கிடையாது. வேலை போகும் என்ற அவருடைய பயத்தை அறியாமை என்று நினைக்காதே. நித்தக் கூலிக்குப் போகிறவரை, நாளையில் இருந்து ஜீப்பில் ஏற்ற வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம், அதைக் கேட்க ஆளில்லை. நீ மேடையில் பரிசு வாங்கும்போது அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஆனால் அவர் எதைச் சொல்கிறார் என்று பொறுமையாகக் கேட்டுப் பார். பெரும்பாலும் எஸ்டேட்டின் பெயர், கங்காணி, கூலி பாக்கி, இந்த மூன்றில்தான் பயம் இருக்கும். அதை எடுத்துவிடு. எஸ்டேட்டுக்குப் பெயர் வேண்டாம், அம்மாவை "அம்மா" என்று எழுதாமல் "எங்கள் தெருவில் ஒருவர்" என்று எழுதலாம், நாலு பேர் அனுபவத்தை அவர்கள் சம்மதத்தோடு அடையாளம் தெரியாமல் எழுதலாம். வேலையைப் பற்றி எழுத யார் பெயரும் தேவையில்லை. ஏலக்காய் செடி உச்சியில் காய்ப்பதில்லை, அடித்தூரில் இருந்து கிளம்புகிற சரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும், அதனால் குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க முடியும், முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும், மழைக்காலத்தில் அட்டை ஏறும், விரலில் கறை பிடிக்கும். போடியிலும் புற்றடியிலும் ஏலம் விடுகிற இடத்தில் தட்டில் கொட்டிப் பார்க்கிற பச்சைக் காய்க்குப் பின்னால் இந்த முதுகு இருக்கிறது. இதை நீ துல்லியமாக எழுதினால் உன் சமூகப் பகுதி முடிந்தது. கூலி எவ்வளவு என்று எழுதுவதானால் எந்த வருடம், ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, ஜீப்புக்குப் பிடிக்கிறார்களா என்று நாலு பேரிடமாவது கேட்டுவிட்டு எழுது. ஒருவர் சொன்னதை எல்லோருக்கும் பொதுவாக்காதே.

எழுதி முடித்ததும் அம்மாவை உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டு. அவர் "இதை எடுத்துரு" என்கிற இடத்தை விவாதிக்காமல் எடு. "இதையும் சொல்லு" என்று ஏதாவது சொல்வார் பார், அதை ஒரு எழுத்து மாற்றாமல் அவர் பேச்சிலேயே போடு. அப்படி வருகிற வரிகளுக்கு முன்னால் நானோ நீயோ திருத்துகிற வரி நிற்காது.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். நீ கொடுத்திருக்கும் சிலம்பு வரிகளில் இரண்டு பிழையாக இருக்கின்றன, ஒரு வரி சிலப்பதிகாரத்திலேயே இல்லை. ஃபோனில் யாரோ அனுப்பியதை நம்பிப் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உ.வே.சாமிநாதையர் 1892-இல் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து அச்சிட்ட நூல் இது, அவர் பட்ட பாட்டுக்காவது நூலைத் திறந்து பார்த்து மேற்கோள் போட வேண்டும். வஞ்சிக்காண்டத்துக்கு அடியார்க்குநல்லார் உரை இல்லை, அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் அரும்பதவுரைதான் உண்டு, அதனால் அங்கே கொஞ்சம் தடுமாறுவாய். வாய்விட்டு மெல்லப் படித்தால் பாதி தடை விலகும். மலையில் குறிப்பு எடுக்கவில்லை, வந்து நினைவில் இருந்து எழுதினேன் என்கிறாய், அதனால்தான் கோயிலைப் பற்றிய பத்தி எந்தப் பாழடைந்த கோயிலுக்கும் பொருந்துகிறது. அடுத்த தடவை சிறிய நோட்டு ஒன்று இடுப்பில் இருக்கட்டும். கல் எப்படி, கூட்டம் எப்படி, தமிழ்ப் பூசாரி என்ன சொன்னார், மலையாளப் பூசாரி என்ன சொன்னார், அங்கேயே நின்று எழுது. படம் எடுப்பதை அதற்குப் பதிலாக நினைக்காதே, வாசனையும் பேச்சும் படத்தில் வராது.

பெயர் விஷயம். இலக்கியத்தை மட்டும் எழுதினால் சொந்தப் பெயர் போதும். தோட்டத்தைப் பற்றியும் எழுதுவதால், உன் பெயரையும் ஊரையும் வைத்து அம்மாவைக் கண்டுபிடித்துவிடலாம் என்றால் புனைபெயர் வைத்துக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பத்திரிகை ஆசிரியருக்கு மட்டும் உண்மைப் பெயரைச் சொல்லிவிடு. திருத்திய பிரதியை முதலில் அம்மாவிடம், இரண்டாவது உன் தோழியிடம், மூன்றாவது உன் ஆசிரியரிடம் கொடு. அவர்கள் சொன்னதையும் ஓரத்தில் குறித்து எனக்கு அனுப்பு. இந்த வருடத் தேர்வு முடிந்த பிறகு அனுப்பினால் போதும்.